ஈஸ்டர் தீவுக்கு எத்தனை மணி தூரம்?

சிலியின் தலைநகர் சாந்தியாகோவிலிருந்து ஈஸ்டர் தீவு சுமார் 3,750 கி.மீ. வழியெல்லாம் பசிபிக் கடல். பெரிய ஜெட் விமானம் இறங்கும்படி ஓர் ஓடுதளம்கூட நடுவில் கிடையாது. தீவைத் தாண்டி தாஹித்தி வரை போகலாமென்றால் இன்னும் 4,000 கி.மீ.க்கு மேல்.

1951 ஜனவரியில் ராபர்த்தோ பர்ராகே என்ற சிலி விமானப்படை அதிகாரி, 'மனுத்தாரா' என்ற கட்டலீனா விமானத்தில் இந்தக் கடலை முதலில் தாண்டினார். 19 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இன்றைய ஜெட்டுக்கு ஐந்து மணி நேரத்தை ஒட்டித்தான்.

வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது விமானம் போகும் வழியாகாது. பூமி உருண்டை; அதன்மேல் மிகக் குறுகிய பாதை, நடுவழியில் அந்தக் கோட்டுக்கு ஏறக்குறைய 160 கி.மீ. தெற்கே வளைந்து போகிறது.

ஆனால் விமானிக்குக் கிலோமீட்டரைவிட நிமிடம்தான் முக்கியம். இந்த வழியில் பெரும்பாலும் மேற்கிலிருந்து காற்று அடிக்கும். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ., காற்று 90 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தீவுக்குப் போகையில் எதிர்க்காற்று, 810 கி.மீ. வேகத்தில் 4 மணி 38 நிமிடம் ஆகும். திரும்புகையில் அதே காற்று பின்னாலிருந்து தள்ள, 3 மணி 47 நிமிடம் போதும்.

இதனால் ஒரு வேடிக்கை. நடுக்கடலில் ஏதாவது கோளாறு என்றால் முன்னே போவதா, திரும்புவதா? இரண்டுக்கும் ஒரே நேரம் பிடிக்கும் இடம் பாதையின் சரிபாதியில் இல்லை. நம் கணக்குப்படி அது சாந்தியாகோவிலிருந்து சுமார் 2,060 கி.மீ.யில், தீவுப் பக்கமாகத் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் இரண்டு மணிக்குச் சற்று மேல். ஒரு எஞ்சின் நின்றுவிட்டால் வேகம் குறையும். நேரம் இன்னும் நீளும்.

ஒரு காலத்தில், இரட்டை எஞ்சின் விமானம் ஏதாவது ஒரு விமான நிலையத்துக்கு 60 நிமிடத் தொலைவுக்குள்ளேயே பறக்க வேண்டும் என்று அமெரிக்காவில் விதி இருந்தது. எஞ்சின்களின் நம்பகம் கூடக்கூட வரம்பும் தளர்ந்தது: 1985இல் 120 நிமிடம்; பிறகு போயிங் 787க்கு 330 நிமிடம் வரை.

எஞ்சின் நன்றாக இருந்தும் இறங்க முடியாமல் போகலாம். தீவில் ஓடுதளம் ஒன்றே ஒன்று. அதில் ஒரு விமானம் மாட்டிக்கொண்டால் பின்னால் வருவதற்குப் போக்கிடமில்லை. அதனால் முன்னே போனது பத்திரமாக இறங்கும்வரை அடுத்ததைக் குறிப்பிட்ட எல்லை தாண்ட விடுவதில்லை. எரிபொருளும் கூடுதலாக ஏற்றிக்கொள்கிறார்கள். இவ்வளவு கறாராக இருப்பது சரிதான்.

ஓடுதளம் மட்டும் தாராளம், சுமார் 3,300 மீட்டர். கலிபோர்னியாவிலிருந்து ஏவவிருந்த விண்வெளி ஓடங்கள் அவசரத்துக்கு இறங்க, 1987இல் நாசாவின் செலவில் நீட்டப்பட்டது. அங்கிருந்து ஓடம் ஏதும் கடைசிவரை ஏவப்படவில்லை, பலன் தீவுக்கு.

டிக்கெட்டில் நேரம் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: தீவின் கடிகாரம் சாந்தியாகோவுக்கு இரண்டு மணி நேரம் பின்னால் ஓடுகிறது.