கீமேன் தோளில் ஏன் இரண்டு கருவி?

கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சின்னசேலம் வழியாக ஓடும் சேலம்–விருத்தாசலம் ரயில் பாதையில், தண்டவாளத்தைச் சரிபார்க்கும் ஊழியரான கீமேன் சுத்தியலும் நீண்ட ஸ்பேனருமாக நடக்கிறார். ஏன் இரண்டு?

தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு அழுத்திப் பிடிக்கும் கிளிப் ஓர் எஃகு வில். அதன் பிடிவிசை 850 முதல் 1,100 கிலோ வரை. அதிர்வில் நழுவினால் கையால் தள்ளி ஏற்ற முடியாது. வீசிய சுத்தியல் நொடியின் சிறு பின்னத்தில் நிற்பதால்தான் அவ்வளவு விசை பிறக்கிறது. ‘டங்’கென்று கிளிப் உட்காரும்.

தண்டவாள முனைகளை இணைக்கும் ஃபிஷ் பிளேட்டின் நட்டுக்கு அடி ஆகாது, திருக வேண்டும். ஸ்பேனரின் கைப்பிடி இருமடங்கு நீண்டால், அதே பலத்தில் திருகுவிசையும் இருமடங்கு.

இரண்டுக்கும் நீண்ட கைப்பிடி பொது என்பதால் ஒரே தண்டின் இரு முனைகளில் இரண்டையும் வைக்கலாம். சிக்கல் ஒன்றுதான்: அடியின் அதிர்ச்சியில் ஸ்பேனர் வாய் விரியக் கூடாது. அதைத் தீர்த்தால் சுமை குறையும்: வெயிலில் கிலோமீட்டர் கணக்கில் நடப்பவருக்கு அரைக் கிலோ குறைந்தாலும் தோள் அறியும்.