பெற்றோர் அருந்தும் பால்

புணேயில் விடிவதற்குள் கத்ரஜ் பால் பாக்கெட் வாசலுக்கு வந்துவிடுகிறது. அதைக் குழந்தையைக் குடிக்கவைப்பதுதான் பெரும்பாடு. பெற்றோர் தேநீருக்குச் சிறிது ஊற்றிக்கொண்டு, முழுத் தம்ளரைப் பிள்ளையிடம் நீட்டுகின்றனர். "குடித்தால் கைப்பேசி தருவேன்" என்று பேரமும் பேசுகின்றனர்.

இந்தப் பேரம் பலன் தருவதில்லை. அமெரிக்க உளவியலாளர் லியான் பிர்ச் 1984-இல் சகாக்களுடன் வெளியிட்ட ஆய்வில், வெகுமதிக்காகப் பால் பானம் அருந்திய மழலையருக்கு அதன்மீதிருந்த விருப்பம் குறைந்தது. வெறும் பாராட்டும் அதே விளைவையே தந்தது. அவர் பங்கேற்ற மற்றோர் ஆய்வில், தாய் மிகுதியாகப் பால் அருந்திய வீடுகளில் ஐந்து வயது மகளும் மிகுதியாக அருந்தினாள், குளிர்பானம் குறைந்தது.

எலும்பின் உச்சத் திண்மையில் ஏறத்தாழ 90 விழுக்காடு பதினெட்டு வயதையொட்டிச் சேர்ந்துவிடுகிறது. வங்கிப் பணியில் இருப்பவனுக்கு இது தொடர் வைப்பாகவே தோன்றுகிறது. பிற்காலத்தில் எடுப்புகளே மிகுதி.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி 7–9 வயதினருக்கு நாள்தோறும் 650 மி.கி., 13–15 வயதினருக்கு 1,000 மி.கி. கால்சியம் தேவை. 200 மி.லி. பசும்பாலில் சுமார் 240 மி.கி. மட்டுமே உண்டு. எஞ்சியதற்குத் தயிர், கீரை, கேழ்வரகு உதவும். மராத்தியர் 'நாச்ணி' என்றழைக்கும் இக்கேழ்வரகில் 100 கிராமுக்கு சுமார் 350 மி.கி. உள்ளது. பாலை மறுக்கும் பிள்ளைக்கு நாச்ணி பாக்கரியும் தயிரும் தரலாம். அதே தட்டு பெற்றோர் முன்னும் இருக்கட்டும். மோர் நல்லதே, ஆயினும் நீர் மிகுந்ததால் தயிருக்கு ஈடாகாது.