கரண்ட் போன ராத்திரியில் கேட்கும் குறட்டை

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறி ஓடும் வீடுகளில், குழந்தையின் குறட்டை காதில் விழுவது கரண்ட் போய்த் தறிச் சத்தம் நின்ற ராத்திரியில்தான். "புள்ள அசந்து தூங்குது" என்பார் பாட்டி. சளி பிடித்த நாலு நாள் குறட்டை வேறு. தினமும் வாயைத் திறந்து, கழுத்தைப் பின்னால் வளைத்து, தலையணை நனைய வியர்த்துக் கிடந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். குறட்டை சட்டென்று நிற்கும். நெஞ்சு ஏறி இறங்கும், மூச்சு வராது. பிறகு ஒரு திணறலோடு திரும்பும்.

மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையும் டான்சிலும் பெருத்து மூச்சு வழியை அடைப்பதுதான் பெரும்பாலும் காரணம். 2 வயது முதல் 8 வயதுவரை இது அதிகம். இப்படித் தூக்கம் கெட்டால், பெரியவர்கள் என்றால் பகலில் தூங்கி வழிவார்கள்; குழந்தையோ ஒரு இடத்தில் நிற்காது, பாடத்தில் கவனம் இருக்காது. வாத்தியார் 'வாலு' என்று முடித்துவிடுவார்.

இதில் பல் டாக்டருக்கு என்ன வேலை? சொத்தைப் பல்லுக்காக வாயைத் திறக்கச் சொல்லும்போதே, குறுகி உயர்ந்த மேலண்ணம், நெருக்கியடித்த பற்கள், ராத்திரி நறநறவென்று கடித்துத் தேய்ந்த முனைகள், உள்ளே உருண்டு நிற்கும் டான்சில் எல்லாம் அவர் கண்ணில் படும். தூக்கத்தில் மூச்சு அடைபடும் இந்த நோயை அவரே உறுதிசெய்ய மாட்டார். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புவார். அண்ணம் குறுகியிருந்தால் அதை விரிக்கும் கருவியும் உண்டு.

சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. போகும்போது, குழந்தை தூங்குவதை இரண்டு நிமிஷம் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். பகலில் டாக்டர் முன்னால் அது குறட்டை விட்டுக் காட்டாது, இல்லையா?