கண்ணாடிப் பெட்டியும் பஞ்சுத் தூசியும்

(இளம் அறிவியல் இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

வீடு கட்டுவோர் காற்று வரும் திசை பார்த்துச் சன்னல் வைப்பது வழக்கம். கணிப்பொறிக்குப் பெட்டி வாங்கும்போது மட்டும் அந்த யோசனை நமக்கு வருவதில்லை. பளபளப்பைக் கண்டு மயங்கி விடுகிறோம். அவ்வாறு மயங்கியவர்களுள் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

எங்கள் வீடு பல்லடத்தை அடுத்த சிற்றூரில் உள்ளது. அப்பா கூலிக்குக் காடாத் துணி நெய்கிறார். தறிக்குடோனுக்கும் வீட்டுக்கும் ஒரே சுவர். சுவருக்கு இப்பால் உள்ள அறையில் அமர்ந்துதான் அண்ணன் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் பிரிண்டிங் டிசைன் செய்து கொடுக்கிறார். சென்ற ஆண்டு பழைய கணிப்பொறி பழுதாகவே, புதிய பாகங்களை வாங்கி நாங்களே பூட்டுவதென்று முடிவாயிற்று. இயற்பியல் படிப்பவன் என்ற பெருமையால், கேபினட்டைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. (நம் ஊரில் அந்தப் பெட்டியையே 'சிபியு' என்கிறோம். உண்மையில் சிபியு என்பது உள்ளே இருக்கும் சில்லு மட்டுமே.)

கேபினட்டின் கதை சுவையானது. 1995-இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் அளவு முறையை வகுத்தது. அதன் பின் அந்த அளவில் செய்த பலகை அந்த அளவில் செய்த எந்தப் பெட்டியிலும் பொருந்தும் நிலை வந்தது. ஆயினும் பெட்டிகள் பெரும்பாலும் வெளிறிய மஞ்சள் நிறத் தகரங்களாகவே இருந்தன. 1990-களின் இறுதியில் மேனாட்டு ஆர்வலர்கள் சிலர் பக்கத் தகட்டை ரம்பத்தால் அறுத்து அக்ரிலிக் சன்னல் வைத்தார்கள், துளையிட்டுக் கூடுதல் விசிறி பூட்டினார்கள், விளக்கும் போட்டார்கள். இதைக் கண்ட உற்பத்தியாளர்கள் 2000-க்குப் பிறகு அந்த வேலைகளையெல்லாம் தொழிற்சாலையிலேயே செய்து விற்கத் தொடங்கினர். இன்று கடைகளில் கண்ணாடியும் வண்ண விளக்குமாக நிற்பவை அவற்றின் வாரிசுகளே. ஆர்வலர் தம் சூட்டைத் தணிக்க வெட்டிய துளை, விற்பனைக்கு வந்தபோது காட்சிக்கு வைத்த கண்ணாடியாக மாறிவிட்டது என்பது என் கருத்து.

நான் வாங்கியதும் அத்தகைய ஒன்றுதான். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பக்கமும் முன்புறமும் கண்ணாடி. முன்னால் மூன்று விசிறி, மேலே இரண்டு, பின்னால் ஒன்று. தெருப் பிள்ளைகள் மாலையில் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஆடி மாதம் வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று நம் பக்கத்தில் எப்படி வீசும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓர் இரவு, மறுநாள் காலை சாம்பிளுக்குப் போக வேண்டிய டிசைனில் அண்ணன் இருந்தபோது கணிப்பொறி தானாக நின்றது. மீண்டும் போட்டால் பத்து நிமிடம் ஓடும், மறுபடி நிற்கும். அந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று. கூலி போனதுகூடப் பெரிதில்லை. அந்தக் கம்பெனியிலிருந்து இரண்டு மாதம் அழைப்பே இல்லை. அண்ணன் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

முன்கண்ணாடியைக் கழற்றினேன். விசிறிகளின் மேல் பஞ்சு கம்பளி போலப் படிந்திருந்தது.

இங்கே சிறு கணக்கு ஒன்று. கணிப்பொறி உண்ணும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளிவருகிறது. 250 வாட் என்று கொள்வோம். உட்காற்று அறைக்காற்றைவிட 10 டிகிரிக்கு மேல் சூடேறாதிருக்க, நிமிடத்துக்குச் சுமார் 1300 லிட்டர் காற்று பெட்டிக்குள் புகுந்து வெளியேற வேண்டும். தடையின்றிச் சுழலும் 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றே இதற்குக் கிட்டத்தட்டப் போதும். நாங்கள் வைத்திருந்ததோ ஆறு! ஆனால் முன்கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையே இருந்த வழி விரற்கடை அகலம் கூட இல்லை. அதிலும் பஞ்சு அடைத்தால் மூன்று விசிறி என்ன, முப்பது இருந்தும் பயனில்லை.

அடுத்து ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திப் பெட்டியைச் சுற்றிக் காட்டினேன். செலவில்லாத, ஆனால் பொய் சொல்லாத சோதனை இது. முன்புறத்தில் புகை தயங்கி நின்றது. பின்புறம், அட்டைகள் செருகும் இடுக்குகளில் விறுவிறுவென்று உள்ளே இழுக்கப்பட்டது. வெளியேற்றும் விசிறிகள் வெற்றிபெற்று உள்ளழுத்தம் குறைந்துவிட்டதால், வடிகட்டியில்லாத ஒவ்வோர் இடுக்கும் தூசிக்கு வாசலாகிவிட்டது. உள்ளே வரும் காற்று மிகுந்திருந்தால் இடுக்குகளில் காற்று வெளிநோக்கியே கசியும், தூசி நுழையாது.

பிறகு மேல் விசிறி இரண்டையும் கழற்றினேன். கண்ணாடியை எடுத்துவிட்டு அவ்விடத்தில் வடிகட்டத் துணி தேடினேன். துணிக்கா நமக்குப் பஞ்சம்! முதலில் பனியன் துணியைக் கட்டினேன். தூசி நின்றது, காற்றும் நின்றது. அடுத்து, விளையாட்டுச் சட்டை தைக்கும் நெட் துணி. அறை 33 டிகிரியில் இருக்க, அதே டிசைன் வேலையை ஓட்டிச் சில்லின் சூட்டைக் குறித்தேன். சுத்தம் செய்த பின்னும் கண்ணாடியோடு 88, எதுவுமின்றி 74, பனியன் துணியோடு 82, நெட் துணியோடு 76. காந்தப் பட்டையால் இரும்புச் சட்டத்தில் ஒட்டியிருப்பதால் துணியை ஒரு நொடியில் எடுத்து அலசலாம்.

அந்தப் பெட்டியில் நல்லதே இல்லை என்று சொன்னால் அநியாயம். தகட்டின் ஓரங்கள் கையைக் கிழிக்காதபடி மடிக்கப்பட்டிருந்தன. திருகுகள் மரை நழுவாமல் ஏறின. ஒயர்களைப் பின்னால் மறைத்துக் கட்ட இடம் தாராளம். நாமே ரம்பம் எடுத்தால் இந்த நேர்த்தி வராது. ஆகவே இனி யாரேனும் என்னைக் கடைக்கு அழைத்துச் சென்றால், ஓரங்களை விரலால் தடவிப் பார்ப்பேன்; முன்புறம் வலையா கண்ணாடியா என்று பார்ப்பேன்; வடிகட்டியைத் திருப்புளி இல்லாமல் கழற்ற முடிகிறதா என்று கடைக்காரர் முன்னிலையிலேயே கழற்றிப் பார்ப்பேன். விளக்கின் நிறத்தை அதற்குப் பிறகுதான் கேட்பேன்.

ஓர் எச்சரிக்கை: தறிக்கு ஏர் அடிக்கும் கம்ப்ரஸரைக் கணிப்பொறிக்குள் நீட்டாதீர்கள். அந்தக் காற்றில் ஈரம் இருக்கும். சிறு பிளோயர் போதும்; விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும்.

ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு நெட் துணியை அலசுவது என் வேலை. ஆடியில் வாரந்தோறும். பக்கக் கண்ணாடியையும் விளக்குகளையும் அண்ணன் கழற்ற விடவில்லை. இரவில் வேலை செய்யும்போது துணையாக இருக்கிறதாம்.