பாடசாலைக் கணினிப் பதிவில் ஆசிரியர் பெயரும் பட்டமும்

தமிழ் மக்களிடையே குடும்பப் பெயர் என்பதொன்று பெரும்பாலும் இல்லை. ஒருவர்க்கு இட்ட பெயரே அவர் பெயர். அதன் முன்னிற்கும் முதலெழுத்துத் தந்தையின் பெயரைக் குறிக்கும். சிலவிடத்து ஊரையும் குறிக்கும். சி. வை. தாமோதரம்பிள்ளை என்புழி, முதலெழுத்துச் சிறுப்பிட்டியையும் அடுத்தது தந்தையாராகிய வைரவநாதரையும் உணர்த்துதல் பலரும் அறிந்ததே.

இக்காலத்துப் பாடசாலைகளில் வழங்கும் மென்பொருள்களோ மேனாட்டார் பெயர்மரபைத் தழுவி அமைந்தவை. 2002ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவிலிருந்து வெளிவந்த மூடில் என்பதை நோக்குவோம். அதிலே முற்பெயர், குடும்பப் பெயர் என இரு கட்டங்கள் உள. இரண்டும் நிரப்பப்படல் வேண்டும். கந்தையா மகன் சிவராசா என்றோர் ஆசிரியர் உளரெனக் கொள்க. முதற் கட்டத்திற் 'சிவராசா' எனவும் மற்றதிற் 'கந்தையா' எனவும் இட்டால், குடும்பப் பெயர்வழி ஒழுங்குபடுத்திய பட்டியலில் அவர் ககரத்தின்கீழ்ச் சென்றுவிடுவார். அப்பட்டியல்கொண்டு கடிதம் வரையும் நிரல் அவரைத் 'திரு. கந்தையா' என விளிக்கும். வகுப்பறை வாயிலையே மிதியாத தந்தையார் ஆசிரியராகிவிட, கற்பிப்பவர் மறைந்துபோகிறார். இதற்கஞ்சி இரண்டாங் கட்டத்தில் 'க.' என்று மட்டும் இடுவோருமுளர். அவர்தம் பெயர் 'சிவராசா க.' எனத் தலைகீழாய்த் தோன்றும். தோன்றும் ஒழுங்கை நிருவாகி மாற்றலாம். ஆயின் அம்மாற்றம் தளம் முழுமைக்கும் ஒன்றே. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் ஒருங்கே பணிபுரியும் பாடசாலையில் ஓரொழுங்கு எல்லார்க்கும் பொருந்துமா?

பெண்பாலாசிரியர் நிலை இதனினுஞ் சிக்கலானது. செல்வி கமலா நாகலிங்கம் என நியமனம் பெற்றவர் மணத்தின்பின் திருமதி கமலா சிவராசா ஆகிறார். பட்டமும் பிற்பெயரும் ஒருங்கே மாறுகின்றன. பழைய பதிவைத் திருத்தாது புதியதொன்றைத் திறந்துவிட்டால் ஒருவரே இருவராவர். அவர் முன்பு இட்ட புள்ளிகள் ஒரு பெயரிலும் பின்பு இட்டவை மறு பெயரிலும் நிற்கும். சேவைக்காலம் கணிக்கும்போதும் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும்போதும் இத்தகைய வேறுபாடு சிறு காரியமன்று.

இனிப் பட்டங்கள். தெரிவுப் பட்டியலில் மிஸ்டர், மிசிஸ், மிஸ், டொக்டர், றெவரண்ட் என்னும் ஆங்கில வழக்குகளே பெரும்பாலும் காணப்படும். பண்டிதர்க்கும் வித்துவானுக்கும் அங்கு இடமில்லை. 1921ஆம் ஆண்டில் தோன்றிய ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தின் பரீட்சையிலே தேறிப் பண்டிதரானோர் அப்பட்டத்தைப் படித்தே பெற்றனர்; அது வெறும் உபசாரச் சொல்லன்று. 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் ஆறுமுகநாவலர்க்கு அளித்த பட்டமோ பெயராகவே ஆகிவிட்டது. அதனை எந்தக் கட்டத்தில் இடுவது? 2014இல் வந்த கூகிள் கிளாஸ்ரூமிற் பட்டத்துக்கெனத் தனிக்கட்டம் இல்லை. கணக்கின் பெயரே தோன்றும். ஆகலின் மாணவர் அழைக்குமாறே 'ரீச்சர்' என்பதைப் பெயரோடு சேர்த்து எழுதுவோர்மீது குற்றங்காண எமக்கு மனம் வரவில்லை.

நுட்பமான தவறொன்றும் உண்டு. யூனிக்கோட்டு முறையில் 'வை' என்பது வகரமும் ஐகாரக் குறியுமாக இரு குறியீடுகளாற் பதியப்படும். முதற் குறியீட்டை மட்டும் வெட்டியெடுத்து முதலெழுத்தாக்கும் நிரல், வைரவநாதரை 'வ.' என்றும் சிறுப்பிட்டியைச் 'ச.' என்றும் சுருக்கிவிடும். ஆங்கில எழுத்துக்கு ஊறு செய்யாத இம்முறை, தமிழெழுத்தின் உயிர்க்குறியைப் பறித்துவிடுகிறது. உயிர்மெய்யை ஓரெழுத்தாக எண்ணுமாறு நிரலை எழுதுதல் இயலாததன்று. எழுதுவோர் அதனை நினைத்தல் வேண்டும்.

பரிகாரம் அரிதன்று. ஆசிரியர் தாம் ஒப்பமிடுமாறே பெயரெழுத ஒரு கட்டமும், வரிசைப்படுத்துதற்கு மட்டும் வேறொரு கட்டமும், பட்டத்தைத் தாமே எழுத ஓரிடமும் இருத்தல் போதும். நம் நாட்டு அரசாங்கப் படிவங்கள் 'முதலெழுத்துகளுடன் பெயர்' என்றும், 'முதலெழுத்துகளாற் குறிக்கப்படும் பெயர்கள்' என்றும் நெடுங்காலமாகத் தனித்தனியே கேட்டு வருகின்றன. மென்பொருளைத் தெரிந்தெடுக்கும் அதிபர்கள் அப்படிவமொன்றை விற்பனையாளர் முன் வைத்து, இதிலுள்ளவற்றை எங்கே இடுவீர் என்று வினவுவாராக.