சராசரி 10%... ஆனா கையில் வந்தது 8 ஆயிரம்தான்! மீதி எங்கே போச்சு?

ஒரு ஃபண்டில் 1 லட்சம் ரூபாய் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் 50% ஏற்றம். அடுத்த வருடம் 40% இறக்கம். மூன்றாவது வருடம் 20% ஏற்றம். கூட்டிக் கழித்து மூன்றால் வகுத்தால் சராசரி 10%. ‘பரவாயில்லையே’ என்று தோன்றும். வருடத்துக்கு 10% வீதம் வளர்ந்திருந்தால் 1,33,100 ரூபாய் இருக்க வேண்டும். கணக்கில் இருப்பதோ 1,08,000 தான்.

யாரும் எடுக்கல. நாம்தான் பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிட்டோம்.

50% ஏற்றம் என்றால் 1.5 மடங்கு. 40% இறக்கம் 0.6 மடங்கு. 20% ஏற்றம் 1.2 மடங்கு. வரிசையாகப் பெருக்கிக்கொண்டே வந்தால் 1.5, 0.9, 1.08. இரண்டாவது வருடமே போட்ட முதலில் 10 ஆயிரம் கரைந்திருப்பது இதில் பளிச்சென்று தெரிகிறது. மூன்று வருடத்துக்குமான உண்மையான வளர்ச்சி, அதாவது சிஏஜிஆர், சுமார் 2.6% தான்.

இப்படி ஒவ்வொரு படியின் விடையையும் வைத்துக்கொண்டே போவதுதான் தொடர் பெருக்கல். மேட்லேபிலும் பைத்தானின் நம்பையிலும் இதற்கு ‘கம்ப்ராட்’ என்று ரெடிமேட் ஃபங்ஷன் இருக்கிறது. மேத்தமேட்டிகாவில் ‘ஃபோல்ட்லிஸ்ட்’. ஒரே வரியில் முடிந்துவிடும்.

லூப் எழுதியும் செய்யலாம். ஆனால், ஆரம்ப மதிப்பு 1 ஆக இருக்க வேண்டும். கூட்டலுக்கு 0 வைத்துப் பழகிய கை இங்கேயும் 0 போட்டுவிட்டால் எல்லா விடையும் 0 தான். பெருக்க வேண்டிய மடங்குகள் இருக்கும் காலத்தில், விடுபட்ட ஒரு மாதத்தை 0 என்று நிரப்பினாலும் இதே கதிதான். அதற்குப் பின் வரும் மாதங்கள் அத்தனையும் காலி. அங்கே போட வேண்டியது அந்த மாதத்தின் சரியான எண், 0 அல்ல.

சரி, ரெடிமேட் ஃபங்ஷன் இருக்கும்போது லூப் எதற்கு? நடுவில் பணம் போட்டாலோ எடுத்தாலோ கம்ப்ராட் மட்டும் போதாது. முதல் இரண்டு வருட முடிவிலும் தலா 10 ஆயிரம் சேர்க்கிறீர்கள் என்றால், லூப் ஒவ்வொரு சுற்றிலும் பெருக்கும், பிறகு கூட்டும். 1,50,000 என்பது 1,60,000 ஆகும். 0.6 ஆல் பெருக்கினால் 96,000. பத்து சேர்த்தால் 1,06,000. கடைசியில் 1.2 ஆல் பெருக்கினால் 1,27,200. போட்டது 1,20,000, லாபம் 7,200 ரூபாய்.