கண்ணில் ஒரு சொட்டு

சினையாடு நாள் நிறையுமுன் குட்டி வீசினால் முட்டு பட்டிருக்கும், கண்ணேறாக இருக்கும் என்று காரணம் தேடுவது வழக்கம். ஒரே பட்டியில் அடுத்தடுத்து இரண்டு மூன்று ஆடுகள், அதுவும் ஐந்து மாதச் சினையின் கடைசி இரண்டு மாதத்தில் வீசினால், சந்தேகிக்க வேண்டியது புருசெல்லா மெலிடென்சிஸ் என்ற பாக்டீரியாவை. மாட்டுக்குக் கன்று வீச்சு நோயைத் தரும் புருசெல்லா அபார்ட்டஸின் பங்காளி இது. மனிதருக்குக் கெடுதி செய்வதில் அதைவிடப் பொல்லாதது.

வீசிய குட்டியிலும் நஞ்சுக்கொடியிலும் கிருமி மொய்த்துக் கிடக்கும், பாலிலும் இறங்கும். நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்தவருக்கும் பச்சைப் பால் குடித்தவருக்கும் விட்டுவிட்டுக் காய்ச்சல், படுக்கையை நனைக்கும் வியர்வை, மூட்டுவலி, இடுப்புவலி எல்லாம் வரலாம். குணமாக, இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஆறு வாரமாவது எடுத்துக்கொள்ள வேண்டும்.

1887-ல் மால்டா தீவில், காய்ச்சலில் இறந்த சிப்பாய்களின் மண்ணீரலிலிருந்து ராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ் இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார். அது எங்கிருந்து வருகிறது என்பது 1905 வரை பிடிபடவில்லை. மால்டா மருத்துவர் தெமிஸ்டோக்ளிஸ் சாமிட் ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்தபோதுதான் விடை கிடைத்தது: கொழுகொழுவென்று, நோயாளி போலவே தெரியாமல், வீட்டு வாசலில் பால் கறந்த ஆடுகள். மறு ஆண்டு படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. காய்ச்சல் மளமளவென்று குறைந்தது.

ஆட்டுக்கான தடுப்பூசி, 1950-களில் கலிபோர்னியாவில் உருவான ரெவ்-1. பெயர்தான் ஊசி, கண்ணில் ஒரு சொட்டு விட்டாலே போதும். ஊசியாகவும் போடலாம், ஆனால் அதன் எதிர்ப்பொருள் ரத்தத்தில் நெடுநாள் தங்கி, பின்னால் சோதிக்கும்போது நோயுள்ள ஆடு எது, தடுப்பூசி போட்ட ஆடு எது என்று குழப்பும். சொட்டு மருந்தில் அந்தத் தொல்லை குறைவு. மூன்று முதல் ஆறு மாதப் பெட்டைக்குட்டிக்கு விடுவதே சரி. இதில் இருப்பது வலுக் குறைத்த உயிர்க்கிருமி. சினையாட்டுக்கு விட்டால் மருந்தே குட்டியை வீச வைத்துவிடலாம். மருந்து விடுபவரின் கண்ணில் தெறித்தால் அவருக்கும் நோய் வரலாம். அப்போது ஸ்ட்ரெப்டோமைசின் உதவாது. தடுப்பூசியில் உள்ள கிருமி அதற்கு மசியாது.

ஆனால் இந்தியாவில் 2019-ல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் இந்த நோய்க்கான தடுப்பூசி 4 முதல் 8 மாதக் கிடாரிக் கன்றுகளுக்கு மட்டுமே. அதே ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சுமார் 99 லட்சம் வெள்ளாடுகளும் 45 லட்சம் செம்மறிகளும் இருந்தன. வீட்டுக்குப் பால், பண்டிகைக்குக் கிடா என்று ஆடு வளர்ப்பவர்களை விட்டுவிட்டுப் போட்ட திட்டம் அது.

ஆகவே சென்னையை ஒட்டிய அனகாபுத்தூரில் அடையாற்றங்கரையில் நாலு ஆடு மேய்ப்பவரானாலும் காவல் அவர் கையில்தான். சந்தையில் வாங்கிய ஆட்டை, ரத்தப் பரிசோதனை முடியும்வரை தனியே கட்ட வேண்டும். வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் நாய்க்குப் போடாமல், கையுறையோடு எடுத்துச் சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்க வேண்டும். பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடியுங்கள். விடாத காய்ச்சலோடு மருத்துவரிடம் போனால், வீட்டில் ஆடு இருப்பதையும் சொல்லுங்கள்.